நீச்சல் போட்டியில் அணிப் புள்ளிகள் எப்படிச் சேர்கின்றன: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி நீச்சலில், மொத்தமுள்ள 12 பந்தயங்களில் பன்னிரண்டிலும் முதலிடம் பிடித்த அணி, போட்டியின் முடிவில் 87-க்கு 99 என்ற கணக்கில் தோற்கலாம். விதிப்படியே இது நடக்கும். எப்படி என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அது புரிந்துவிட்டால் அணிப் புள்ளிமுறையில் பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மில் பலருக்கு நீச்சல் போட்டி என்றாலே ஒலிம்பிக்தான் நினைவுக்கு வரும். அங்கே முதல் மூவருக்குப் பதக்கம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அணிப் புள்ளி என்ற பேச்சே ஒலிம்பிக் நீச்சலில் கிடையாது. அந்தப் பழக்கத்தோடு பள்ளிக் குளத்தின் படிக்கட்டில் வந்து உட்காரும் அப்பாவும் அம்மாவும், பிள்ளை நான்காவதாக வந்தால் முகம் வாடிப்போகிறார்கள். குளத்தின் மறுபக்கத்தில் பயிற்சியாளர் அதே நான்காம் இடத்துக்காகத் துள்ளிக் குதித்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: எந்த வகைப் போட்டி என்று கேளுங்கள்

உள்ளே நுழைந்ததும் இதைத்தான் கேட்க வேண்டும். பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி டூயல் மீட் எனப்படும் இரு அணிப் போட்டிகளாக நடக்கும். நம் பள்ளி ஒரு பக்கம், இன்னொரு பள்ளி மறுபக்கம். பருவத்தின் இறுதியில் வட்டார, மாநில சாம்பியன்ஷிப் போட்டிகள் வரும். அவற்றில் பல பள்ளிகள் ஒரே குளத்தில் மோதும். இரண்டுக்கும் புள்ளிமுறை வேறு. ஒன்றின் கணக்கை மற்றதில் போட்டால் எதுவும் பொருந்தாது.

பிள்ளை தனியாக ஒரு கிளப்பிலும் நீந்தினால், அந்தக் கிளப் போட்டிகள் பலவற்றில் அணிப் புள்ளியே எழுதமாட்டார்கள். அங்கே முக்கியம் அவரவர் நேரம்தான். அங்கே புள்ளிப் பலகையைத் தேட வேண்டாம்.

இன்னொன்று: ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் தனித்தனிக் கணக்கு. ஒரே மாலையில் மாறி மாறி நீந்தினாலும் அவை இரண்டு வெவ்வேறு போட்டிகள். மகளும் மகனும் ஒரே பள்ளியில் நீந்தினால் நீங்கள் இரண்டு தாள்களில் எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: இரு அணிப் போட்டியின் எண்களை மனத்தில் நிறுத்துங்கள்

வழக்கமான வரிசை இது: 200 யார்டு மெட்லி ரிலே, 200 ஃப்ரீஸ்டைல், 200 தனிநபர் மெட்லி, 50 ஃப்ரீஸ்டைல், டைவிங், 100 பட்டர்ஃபிளை, 100 ஃப்ரீஸ்டைல், 500 ஃப்ரீஸ்டைல், 200 ஃப்ரீஸ்டைல் ரிலே, 100 பேக்ஸ்ட்ரோக், 100 பிரெஸ்ட்ஸ்ட்ரோக், கடைசியாக 400 ஃப்ரீஸ்டைல் ரிலே. மெட்லி என்றால் நான்கு நீச்சல் முறைகளும் கலந்தது; ரிலே என்றால் ஓர் அணியின் நால்வர் ஒருவர் பின் ஒருவராக நீந்துவது. டைவிங்கையும் சேர்த்துத் தனிநபர் பந்தயங்கள் 9, ரிலேக்கள் 3.

ஆறு லேன் (நீந்தும் தடம்) உள்ள குளத்தில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று லேன். வழக்கமாக ஓர் அணிக்கு ஒற்றைப்படை லேன்கள், மற்றதற்கு இரட்டைப்படை. இதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் தொப்பியின் நிறத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தனிநபர் பந்தயத்தில் முதலிடத்துக்கு 6 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 4, மூன்றாமிடத்துக்கு 3, நான்காமிடத்துக்கு 2, ஐந்தாமிடத்துக்கு 1. ஆறாவதாக வருபவருக்கு எதுவுமில்லை. ரிலேயில் முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் 8, 4, 2.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு தனிநபர் பந்தயத்தில் மொத்தம் 16 புள்ளிகள். ஒன்பது பந்தயங்களுக்கு 144. ஒரு ரிலேயில் 14, மூன்றுக்கு 42. ஆக மொத்தம் 186. அதில் பாதி 93. எனவே எந்த அணி 94-ஐத் தொடுகிறதோ, அந்த அணி வென்றுவிட்டது. மீதிப் பந்தயங்களில் என்ன நடந்தாலும் முடிவு மாறாது. பல பள்ளிகளில் டைவிங் பலகையே இருக்காது. அங்கே டைவிங் இல்லாமல் நடத்தினால் மொத்தம் 170, வெற்றிக்குத் தேவை 86. இந்த 94 அல்லது 86-ஐத் தாளின் மேல் மூலையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மூன்றாம் படி: நான்காம் இடத்தைப் பாருங்கள்

தொடக்கத்தில் சொன்ன 87-க்கு 99 கணக்குக்கு வருவோம்.

நம் அணியில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு மிகச் சிறந்த வீரர் இருக்கிறார், மற்ற இருவர் சுமார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் 1, 5, 6 ஆகிய இடங்களில் வருகிறார்கள். நமக்குக் கிடைப்பது 6-ம் 1-ம், ஆக 7. எதிரணி 2, 3, 4 ஆகிய இடங்களைப் பிடித்தது: 4, 3, 2 சேர்ந்து 9. நாம் வென்ற பந்தயத்திலேயே நமக்கு இரண்டு புள்ளி பின்னடைவு. ஒன்பது பந்தயங்களிலும் இப்படியே போனால் 63-க்கு 81. மூன்று ரிலேக்களையும் நாமே வெல்கிறோம், ஆனால் எதிரணி இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடிக்கிறது என்றால், நமக்கு 24, அவர்களுக்கு 18. கூட்டினால் 87, 99.

இனி ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். நம்முடைய இரண்டாவது வீரர் ஐந்தாவதாக அல்லாமல் நான்காவதாக வருகிறார். நமக்கு 6-ம் 2-ம், ஆக 8. எதிரணிக்கு 4, 3, 1 சேர்ந்து 8. பந்தயம் சரிசமம். ஒன்பது பந்தயங்களும் 72-க்கு 72, ரிலேக்களோடு சேர்த்து 96-க்கு 90 என்று நாம் வெல்கிறோம். முதலிடம் பிடித்தவர்கள் இரண்டு கணக்கிலும் அதே ஆட்கள்தான். முடிவைப் புரட்டிப் போட்டவர்கள் நான்காவதாக வந்த பிள்ளைகள். அவர்களில் சிலர் அந்த வருடம்தான் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் கால் உதைப்பை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்களாக இருக்கலாம். பள்ளி நீச்சலில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எண்களே அந்தப் பிள்ளைகளை மதிக்கும்படி அமைந்திருக்கின்றன.

ஆகவே பந்தயத்தின் கடைசி நீளத்தில் எல்லோரும் முன்னால் போகிறவரைப் பார்த்துக் கத்தும்போது, நீங்கள் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் போராடுகிற இருவரைப் பாருங்கள். ஒரே அணியினர் என்றால் கவலையில்லை. வெவ்வேறு அணியினர் என்றால் அவர்களில் யார் முதலில் சுவரைத் தொடுகிறார் என்பதில் இரு அணிகளுக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு புள்ளி மாறுகிறது.

சமநிலை வந்தால்

இருவர் ஒரே நேரத்தில் தொட்டால், அவர்கள் பிடித்த இடங்களுக்கான புள்ளிகளைக் கூட்டிச் சமமாகப் பிரிப்பார்கள். இரண்டாம் இடத்துக்கு இருவர் என்றால் 4-ம் 3-ம் கூட்டி ஆளுக்கு மூன்றரை. அடுத்து வருபவர் நான்காம் இடம்.

உலகம் பார்த்த சமநிலை ஒன்றை வைத்தே இதைப் பழகலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 வினாடியில் தங்கம் வென்றார். அவருக்குப் பின்னால் மைக்கேல் ஃபெல்ப்ஸ், சாட் லே கிலோஸ், லாஸ்லோ செக் மூவரும் 51.14 வினாடியில் ஒன்றாகத் தொட்டு, மூவருமே வெள்ளி பெற்றார்கள். அதே பந்தயம் பள்ளிப் போட்டியாக இருந்திருந்தால் ஸ்கூலிங்குக்கு 6. மற்ற மூவருக்கும் 4, 3, 2 கூட்டி மூன்றால் வகுத்து ஆளுக்கு 3. அடுத்து வந்தவர் ஐந்தாமிடம், அவருக்கு 1. கூட்டினால் 16 வருகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் இப்படிச் சரிபார்த்தால் உங்கள் தாளில் தவறு நுழையாது.

நான்காம் படி: தகுதி நீக்கம் வரும்போது இருபுறமும் கணக்கிடுங்கள்

தகுதி நீக்கம் செய்யப்பட்டவருக்குப் பூஜ்யம். அத்துடன் விஷயம் முடிவதில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஓரிடம் முன்னேறுகிறார்கள். அதில் எதிரணியும் உண்டு.

ரிலேயில் இது மிகவும் வலிக்கும். உள்ளே வருபவர் சுவரைத் தொடுவதற்கு முன்பே அடுத்தவரின் கால் மேடையை விட்டு எழும்பிவிட்டால் நான்கு பேரின் உழைப்பும் போய்விடும். நம் 'ஏ' ரிலே, அதாவது வேகமான நால்வர், முதலாவது; அடுத்த நால்வரின் 'பி' ரிலே மூன்றாவது என்று வைத்துக்கொள்வோம். 8-ம் 2-ம் சேர்ந்து நமக்கு 10, எதிரணிக்கு 4. இப்போது 'ஏ' ரிலே தகுதி நீக்கம். எதிரணியின் முதல் ரிலே 8 புள்ளிக்கு ஏறுகிறது, நம் 'பி' ரிலே 4-க்கு, அவர்களின் இரண்டாவது ரிலே 2-க்கு. நமக்கு 4, அவர்களுக்கு 10. ஆறு புள்ளி முன்னிலை ஆறு புள்ளிப் பின்னடைவாக மாறிவிட்டது. போட்டியில் இவ்வளவு பெரிய ஊசலாட்டம் வேறெங்கும் வருவது அரிது. பயிற்சி நேரத்தில் பயிற்சியாளர் ரிலே மாற்றத்தையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இந்தக் கணக்கில் 'பி' ரிலே காப்பாற்றிய 4 புள்ளியையும் கவனியுங்கள். 'என் மகன் பி ரிலேயில்தானே' என்று குறைப்பட்டுக்கொள்ளும் பெற்றோரிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

சில சமயம் பிள்ளை இரண்டாவதாக வந்திருப்பாள், பலகையில் அவளுக்குப் புள்ளி ஏறாது. 'எக்ஸிபிஷன்' என்று அறிவித்திருப்பார்கள். அதாவது நேரம் பதிவாகும், புள்ளிக் கணக்கில் சேராது. வெற்றி உறுதியான பிறகு எதிரணியை மேலும் நசுக்க வேண்டாம் என்று நல்ல பயிற்சியாளர்கள் தாங்களாகவே இதைச் செய்வதுண்டு. அது நேர்மையான வழக்கம். அதற்காகப் பயிற்சியாளரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள்.

ஐந்தாம் படி: பிள்ளையை ஏன் அந்தப் பந்தயத்தில் போட்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

புதிய பெற்றோரிடமிருந்து அதிகம் வரும் மனக்குறை இது. '50 ஃப்ரீஸ்டைலில் இவள்தானே அணியிலேயே வேகம், ஏன் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் போட்டார்கள்?'

பள்ளி விதிப்படி ஒருவர் ஒரு போட்டியில் அதிகபட்சம் நான்கு பந்தயங்களில்தான் நீந்தலாம். அதில் தனிநபர் பந்தயங்கள் இரண்டுக்கு மேல் கூடாது. ஆகவே எவ்வளவு பெரிய வீராங்கனையானாலும் தனிநபராக அணிக்குத் தரக்கூடியது 12 புள்ளிதான். அந்த இரண்டு வாய்ப்பையும் எங்கே செலவிடுவது என்பதுதான் பயிற்சியாளரின் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி.

ஓர் உதாரணம். அவள் 50 ஃப்ரீஸ்டைலில் நீந்தினால் நம் அணி 1, 2, 4: மொத்தம் 12. அவளை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டால் மற்ற இருவரும் ஓரிடம் ஏறி 1, 3 ஆவார்கள். புதியவர் ஆறாவதாக வந்தாலும் 9 கிடைக்கிறது. இழப்பு 3. அவள் இல்லாமல் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் நாம் 3, 5, 6: மொத்தம் 4. அவள் வந்தால் அவள் முதலிடம், மூன்றாவதாக இருந்தவர் நான்காவது, ஐந்தாவதாக இருந்தவர் ஆறாவது: மொத்தம் 8. லாபமும் 4. இரண்டையும் கழித்துப் பார்த்தால் நமக்கு ஒரு புள்ளி கூடுகிறது, எதிரணிக்கு ஒன்று குறைகிறது. வித்தியாசம் இரண்டு. இரண்டு அணிகளும் 93-ஐ ஒட்டி நிற்கும் நாளில் இரண்டு புள்ளி என்பது முழுப் போட்டி.

அவள் எந்தப் பந்தயத்தில் வேகம் என்பது அவளுடைய கேள்வி. அவள் இல்லாத இடத்தில் அணி எவ்வளவு இழக்கும் என்பது பயிற்சியாளரின் கேள்வி. பருவம் முழுவதும் பிள்ளைக்குப் பிடித்த பந்தயமே தரப்படவில்லை என்றால் போய்ப் பேசுவது நியாயம். ஒரு போட்டியை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஆறாம் படி: சாம்பியன்ஷிப்பில் காலை நேரத்தைத் தவறவிடாதீர்கள்

எட்டு லேன் குளத்தில் நடக்கும் பெரிய போட்டிகளில் 16 இடங்களுக்குப் புள்ளி உண்டு: 20, 17, 16, 15, 14, 13, 12, 11, பிறகு 9, 7, 6, 5, 4, 3, 2, 1. ரிலேக்கு இதில் இரு மடங்கு, முதலிடத்துக்கு 40. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-யின் முதல் பிரிவு சாம்பியன்ஷிப்பிலும் இதே எண்கள்தான்.

காலையில் தகுதிச் சுற்று. அதில் முதல் எட்டு நேரங்கள் 'ஏ' இறுதிக்கும், அடுத்த எட்டு 'பி' இறுதிக்கும் போகும். பதினேழாவதாக வந்தவருக்கு நாள் முடிந்தது. காலையில் ஒரே பந்தயத்தைப் பல ஹீட்களாக, அதாவது குழுக்களாகப் பிரித்து நடத்துவார்கள். தன் ஹீட்டில் முதலாவதாகத் தொடுவதற்கும் பந்தயத்தில் முதலிடம் பிடிப்பதற்கும் தொடர்பில்லை. எல்லா ஹீட்களின் நேரங்களையும் ஒன்றாக வரிசைப்படுத்திய பிறகே இடம் தெரியும். அதுவரை கைதட்டுங்கள், கணக்கு எழுதாதீர்கள்.

புதியவர்கள் திகைக்கும் விதி அடுத்தது. மாலையில் 'ஏ' இறுதியில் நீந்துபவர் எவ்வளவு மெதுவாக நீந்தினாலும் எட்டாம் இடத்துக்குக் கீழே போகமாட்டார். தகுதி நீக்கம் ஆகாதவரை அவருக்கு 11 புள்ளி உறுதி. 'பி' இறுதியை வென்றவர் அவரை விட வேகமாக நீந்தியிருந்தாலும் ஒன்பதாமிடம்தான், 9 புள்ளிதான். ஒரு பந்தயத்தின் மொத்தப் புள்ளி 155. அதில் 118 'ஏ' இறுதியில் இருக்கிறது, வெறும் 37 'பி' இறுதியில். எட்டாவதா ஒன்பதாவதா என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். மாலைக்கு மட்டும் டிக்கெட் வாங்கி வருபவர்கள் கதையின் முதல் பாதியை இழக்கிறார்கள்.

நீண்ட பந்தயங்களுக்கு இது பொருந்தாது. கல்லூரி சாம்பியன்ஷிப்பின் 1650 யார்டு பந்தயத்தில் தகுதிச் சுற்றே கிடையாது. எல்லோரும் ஒரு முறைதான் நீந்துவார்கள், நேரத்தை வைத்து இடம். வேகமான ஹீட்டை மட்டும் மாலைக்கு வைப்பார்கள். பகலில் நீந்தியவர் மாலை வீரர்களை முந்தி மேலே ஏறுவதும் நடக்கும்.

டைவிங் புள்ளியும் இதே கூடையில்தான் விழுகிறது. என்சிஏஏ-யில் ஓர் அணிக்கு 18 பேர் என்று வரம்பு உண்டு. டைவிங் மட்டும் செய்பவரை அதில் அரை ஆளாகக் கணக்கிடுவார்கள். நல்ல டைவர்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் இதனால் பெரிதும் பயன் பெறுகின்றன. டைவிங் நேரத்தில் எழுந்து போய்ச் சாப்பிடும் வழக்கம் படிக்கட்டில் பரவலாக உண்டு. கணக்கு எழுதுபவர் போகக் கூடாது.

அரைப் புள்ளி எல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு: 2001 என்சிஏஏ பெண்கள் சாம்பியன்ஷிப்பில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் 389 புள்ளி, ஸ்டான்ஃபோர்டு 387.5. பட்டத்தைத் தீர்மானித்தது ஒன்றரைப் புள்ளி.

கல்லூரியின் இரு அணிப் போட்டி

பிள்ளை கல்லூரி அணிக்குப் போனால் இரு அணிப் போட்டியின் எண்களும் மாறும். தனிநபர் பந்தயத்துக்கு 9, 4, 3, 2, 1. ரிலேக்கு 11, 4, 2. மூன்றாம் படியில் போட்ட கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: 1, 5, 6 இடங்களுக்கு 10 புள்ளி, 2, 3, 4 இடங்களுக்கு 9. கல்லூரி விதி முதலிடத்துக்குச் சாய்கிறது, பள்ளி விதி அணியின் ஆழத்துக்கு. வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளி விதியே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏழாம் படி: தாளும் பென்சிலும்

போட்டி நாளில் ஹீட் ஷீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். யார் எந்த லேனில் என்று அதில் இருக்கும். பெரிய போட்டிகளில் மீட் மொபைல் செயலியிலும் முடிவுகள் வரும், ஆனால் கையால் எழுதினால்தான் போட்டியின் நாடி பிடிபடும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூன்று கட்டங்கள் போதும்: நம் புள்ளி, அவர்கள் புள்ளி, இதுவரை மொத்தம். தகுதி நீக்கத்துக்கு அடையாளமாக நடுவர் கை உயர்த்தினால் ஓரத்தில் ஒரு குறி போட்டு, அதிகாரபூர்வ முடிவு வரும்வரை அந்த வரியைப் பென்சிலில் வையுங்கள்.

தாள் அதிகம் கைகொடுப்பது கடைசி ரிலேக்கு முன்புதான். டைவிங்கும் உள்ள போட்டியில் அப்போது 172 புள்ளிகள் பிரிக்கப்பட்டிருக்கும். நாம் 88, அவர்கள் 84 என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தேவை 6. முதலிடம் பிடித்தால் முடிந்தது. ஆனால் எதிரணியின் முதல் ரிலேயை நம்மால் முந்த முடியாது என்று பயிற்சியாளருக்குத் தெரியும். அப்போது அவர் தன் வேகமான நான்கு பேரையும் ஒரே ரிலேயில் அடுக்கமாட்டார். இரண்டு ரிலேக்களுக்கும் பிரித்துப் போடுவார். நாம் இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்தால் 94-க்கு 92, வெற்றி நமக்கு. இரண்டாவதும் நான்காவதுமாக வந்தால் 92-க்கு 94, வெற்றி அவர்களுக்கு. நம் 'பி' ரிலேயும் அவர்களின் 'பி' ரிலேயும் எந்தெந்த லேனில் நிற்கின்றன என்று விசில் ஊதுவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். அன்றைய போட்டி முடிவாகப்போவது அந்த இரண்டு லேன்களில்தான்.